சோர்ந்துபோனவர்களுக்கும் சபையில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்னும் சில வாரங்களில் தமிழகத்துத் தேவாலயங்கள் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைக்கு ஆயத்தமாகிவிடும். அந்த இரவில் ஒவ்வொருவரும் தட்டிலிருந்து வாக்குத்தத்த வசன அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் வழக்கம் எங்கள் சபைகளில் வேரூன்றிய ஒன்று என்பதைக் கிறிஸ்தவரல்லாத வாசகர்களும் அறிந்திருக்கக்கூடும். ஆசீர்வாதம், பெருக்கம், சத்துருவின் மேல் ஜெயம் என்று நன்மையை மட்டுமே சொல்லும் வசனங்கள் அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அட்டை ஆண்டு முழுவதும் நிலைக்கண்ணாடியின் ஓரத்திலோ வேதப்புத்தகத்தின் நடுவிலோ இருக்கும். வழக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால், கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்னும், வேதத்தின் புலம்பல் புத்தகத்து 3ஆம் அதிகார வசனத்தை விரும்பி அச்சிடுகிற நாம், அதற்கு ஐந்து வசனங்களுக்கு முன்னால் அதே மனிதர், தம்முடைய பெலனும் கர்த்தருக்குக் காத்திருந்த நம்பிக்கையும் அழிந்துபோயிற்று என்று கதறியதை எந்த அட்டையிலும் அச்சிடுவதில்லை. இதன் விளைவு ஆண்டின் நடுவில் தெரியவரும். ஆடி, ஆவணி கடந்தும் வேலை கிடைக்காத பட்டதாரியும், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணும், குடியை விட்டுவிட்டதாகச் சபை நடுவே அறிவித்து மறுபடியும் அதில் விழுந்த குடும்பத் தலைவரும், வாக்குத்தத்தம் பொய்க்காது என்றால் பிழை தம்மிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டிக்கொள்கிறார்கள். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கங்கள் தொடாத அந்த மனிதர்களைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் போதகன் அல்லன். பள்ளியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன், தென்னிந்தியத் திருச்சபையின் சாதாரண உறுப்பினன். எங்கள் உபவாசக் கூட்டங்களிலும் கன்வென்ஷன் கூட்டங்களிலும் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. அங்கே சொல்லப்படும் சாட்சிகள் யாவும் முடிந்துபோன துன்பத்தைப் பற்றியவை: நோயுற்றிருந்தேன், சுகமானேன்; கடனில் இருந்தேன், மீண்டேன்; சந்தேகப்பட்டேன், தெளிந்தேன். துன்பத்தின் நடுவில் இன்னும் நின்றுகொண்டிருப்பவர் எழுந்து, ‘ஆறு மாதமாக என்னால் ஜெபிக்க முடியவில்லை, எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்’ என்று சொன்னால் அதை எப்படிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியாது. யாராவது ஒருவர் உடனே ‘ஸ்தோத்திரம்’ என்று பாடலைத் தொடங்கிவிடுவார். ஆகவே அப்படிப்பட்டவர் பேசாமல் இருந்துவிடுகிறார். முதலில் திருவிருந்துக்கு எழுந்து போவதை நிறுத்துகிறார், பிறகு பாடகர் குழுவை விடுகிறார், பிறகு ஆலயத்துக்கே வருவதில்லை. ‘பின்வாங்கிப்போனார்’ என்று அவரைக் குறிப்பிடுகிறோம். யார் முதலில் பின்வாங்கியது என்று கேட்டுப் பார்த்தால், பல வேளைகளில் சபைதான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

விசுவாச வாழ்வில் வீழ்ச்சியையும் சந்தேகத்தையும் மனக்கசப்பையும் மேற்கொள்வது எப்படி என்று கேட்டால், இன்னும் அதிகமாக ஜெபி, இன்னும் ஒரு நாள் உபவாசி, அறியாத பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார் என்பவையே பெரும்பாலும் கிடைக்கும் விடைகள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே அந்த மனிதரைத் தனி அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகின்றன. வேதத்தில் நான் காண்பதோ இதற்கு நேர்மாறானது. தளர்ந்தவர்கள் மீண்ட இடங்களில் எல்லாம் அவர்கள் அருகில் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். தனித்து விடப்பட்ட இடத்தில்தான் சோர்வு அவர்களை விழுங்கப் பார்த்திருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களான நாம் இதை அப்போஸ்தலராகிய தோமாவிடம் கற்றிருக்க வேண்டும். அவர் இம்மண்ணுக்கு வந்து பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் மரபு. சாந்தோமில் அவர் பெயரால் பேராலயம் நிற்கிறது. ஆயினும் பிரசங்கங்களில் அவர் ‘சந்தேகத் தோமா’ என்ற பட்டத்தோடுதான் வருகிறார். இயேசு ஆபத்தான யூதேயாவுக்குத் திரும்பத் துணிந்தபோது, அவரோடேகூட மரிப்பதற்கு நாமும் போவோம் என்று மற்றச் சீஷர்களை அழைத்தவர் இதே தோமா என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? உயிர்த்தெழுதலின் செய்தியை முதலில் நம்பாதவர் அவர் ஒருவர் மட்டுமா? கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்களின் சொல் மற்றவர்களுக்கும் வீண்பேச்சாகத்தான் தோன்றியது என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். இவற்றையெல்லாம்விட, யோவான் 20ஆம் அதிகாரத்தில் நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. தழும்புகளைத் தொட்டாலன்றி நம்பமாட்டேன் என்று தோமா சொன்ன பிறகு எட்டு நாள் கழிகிறது. எட்டு நாளைக்குப் பின் சீஷர்கள் மறுபடியும் பூட்டிய வீட்டுக்குள் கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடே இருந்தார். அந்த எட்டு நாளும் அவர்கள் அவரைத் துரத்தவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. கண்டவர்கள் பத்துப் பேரும் காணாத ஒருவரும் ஒரே வீட்டில் உண்டு, உறங்கி, பயந்து, காத்திருந்தார்கள். இயேசு அவரைச் சந்தித்தது அந்தக் கூட்டத்துக்குள்தான். இன்றைய சபை ஒன்றில் தோமா அப்படிப் பேசியிருந்தால் மூன்றாம் நாளே வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருப்பார் என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

மத்தேயு சுவிசேஷத்தின் இறுதியிலும், கலிலேயா மலையில் உயிர்த்தெழுந்தவரைப் பணிந்துகொண்டவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. சகல ஜாதிகளிடத்திற்கும் போங்கள் என்ற கட்டளை அவர்களைச் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சந்தேகம் தீர்ந்தவர்கள் மட்டும் முன்னே வரும்படி யாரும் அழைக்கப்படவில்லை. இயேசுவின் வருகையை முன்னறிவித்துச் சிறையில் இருந்த யோவான்ஸ்நானனும், வருகிறவர் நீர்தானா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். அந்தத் தூதர்கள் போன பிறகு இயேசு ஜனங்களிடம் யோவானைப் பற்றிச் சொன்னது அத்தனையும் புகழ்ச்சி. கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் படைப்பைப் பற்றியோ துன்பத்தைப் பற்றியோ கேள்வி கேட்கும்போது, ‘கேள்வி கேட்காதே, விசுவாசி’ என்று வாயடைக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதியைப் பணிவோடு சிபாரிசு செய்கிறேன். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம்; வகுப்பறையில் அப்படிச் சொன்ன ஆசிரியரை எந்த மாணவனும் இகழ்ந்து நான் கண்டதில்லை.

சந்தேகத்தைக் காட்டிலும் வீழ்ச்சி கொடியது, ஏனெனில் அதற்கு வெட்கம் துணைக்கு வருகிறது. சீஷராகிய பேதுரு இயேசுவை அறியேன் என்று மும்முறை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகில், குளிர் காய்ந்துகொண்டிருந்த வேலைக்காரர்களின் நடுவில். அவர் மீட்கப்பட்டதும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். ஆனால் அங்கே மீனும் அப்பமும் இருந்தன. திபேரியாக் கடற்கரையில் இயேசு முதலில் பேசியது மறுதலிப்பைப் பற்றி அன்று. வாருங்கள், சாப்பிடுங்கள் என்றுதான் அழைத்தார். சாப்பிட்டு முடிந்த பிறகே மூன்று கேள்விகளும் வந்தன. அந்தக் கேள்விகளும், ஏன் அப்படிச் செய்தாய் என்றோ, இனிமேல் செய்யமாட்டாயே என்றோ கேட்கவில்லை. அன்பாயிருக்கிறாயா என்று கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் பிறகு ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். குடியிலிருந்து மீண்டு மறுபடியும் விழுந்தவரை ஓராண்டுக் காலம் பொறுப்புகளிலிருந்து விலக்கி ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில் தேர்ந்த நம் சபைக் கமிட்டிகள், விலக்கிவைத்த அந்த ஓராண்டில் அவரோடு உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட்டது யார் என்ற கேள்வியையும் தங்கள் நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சீர்திருத்தம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பதவியையும் பணத்தையும் தவறாகப் பயன்படுத்தியவர்களை இரக்கம் என்ற பெயரில் உடனே பீடத்துக்கு ஏற்றுவது வேறொரு கேடு. தன் வீழ்ச்சிக்காகத் தானே அழுகிற மனிதனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தீர்க்கதரிசியாகிய எலியாவின் வரலாறு இன்னும் நுட்பமானது, ஏனெனில் அவர் தோற்றபின் சோரவில்லை, வென்றபின் சோர்ந்தார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கிய பெரும் வெற்றிக்குப் பிறகு, அரசி யேசபேல் அனுப்பிய ஒரே மிரட்டலில் அவர் உயிர் தப்ப ஓடுகிறார். பெயெர்செபாவில் தம் வேலைக்காரனை விட்டுவிட்டு வனாந்தரத்தில் ஒரு நாள் வழி தனியே நடக்கிறார். அந்தத் தனிமையில்தான் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். இதற்குத் தேவன் அளித்த விடையில் கண்டனம் ஏதும் இல்லை. தூதன் தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பயணம் வெகுதூரம் என்பதே அவன் சொன்ன காரணம். ஓரேப் மலையில், தான் ஒருவன் மாத்திரமே மீதியாயிருப்பதாக எலியா ஒரே புகாரை இருமுறை சொல்கிறார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியும், உடன் நடப்பதற்கு எலிசா என்ற ஒரு மனிதனும் அதற்கு மாற்றாகக் கிடைக்கின்றன. வேதத்தில் சோர்வுக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான்: உணவு, உறக்கம், துணை, அதன் பிறகு வேலை. நாமோ இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது அடையையும் தண்ணீரையும் தாண்டி, ஓரேபில் தேவன் பேசிய மெல்லிய சத்தத்துக்கு ஓடிவிடுகிறோம்.

துக்கத்தை வாய்விட்டுச் சொல்வதற்குச் சபைக்கு மொழி இல்லாமற்போனதையும் சொல்ல வேண்டும். இது முன்பு இப்படி இருக்கவில்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாவதற்கு முன் திருநெல்வேலிப் பகுதியின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபின்) சபைகள் பயன்படுத்திய பொது ஜெபப் புத்தகத்தில், 150 சங்கீதங்களையும் முப்பது நாளில் வாசித்து முடிக்கும் ஒழுங்கு இருந்தது. அதன்படி ஒவ்வொரு மாதமும் 17ஆம் நாள் காலையில் 88ஆம் சங்கீதம் வந்துவிடும்; பெரிய வெள்ளிக்கிழமை மாலைக்கும் அதுவே குறிக்கப்பட்டிருந்தது. சங்கீதங்களிலேயே இருண்டது அது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் ஏதோ ஓரிடத்தில் நம்பிக்கையின் பக்கம் திரும்பும். கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம்கூட ஆறே வசனங்களுக்குள் பாட்டாக முடியும். 88ஆம் சங்கீதமோ கடைசிவரை திரும்புவதில்லை. சிநேகிதரும் தோழரும் அகற்றப்பட்ட நிலையிலேயே நின்றுவிடுகிறது. அதை யாரும் ‘உற்சாகம் குறைகிறதே’ என்று விலக்கிவைக்கவில்லை. வாசிக்கிறவருடைய மனநிலை எதுவாயிருந்தாலும் மாதம் ஒருமுறை அது வாசிக்கப்பட்டது. மகிழ்ச்சியாயிருந்தவர் அண்டை வீட்டாரின் துயரத்துக்காக அதைச் சொன்னார், துயரத்தில் இருந்தவர் தம் சொற்களைத் தாமே தேட வேண்டிய வேலையில்லாமல் அதைச் சொன்னார்.

இப்போது ஆராதனையின் பாடல்களையும் வசனங்களையும் அன்றைய கூட்டத்தின் உணர்ச்சிக்கேற்பத் தெரிந்தெடுக்கும் பழக்கம் பரவிவிட்டதால், சங்கீதப் புத்தகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிய புலம்பல்கள் பொது வாசிப்பிலிருந்து மெல்ல நழுவிவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதுக்கு வரும்போது மட்டும், ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற குரல் எங்கள் ஆலயங்களில் ஒலிக்கிறது. அதையும் இயேசுவுக்கு மட்டும் உரியதாக வைத்துவிட்டு, அது தாவீதின் 22ஆம் சங்கீதம் என்பதையும், சபையார் தங்களுக்காகவும் சொல்லும்படி கொடுக்கப்பட்ட ஜெபம் என்பதையும் மறந்துவிடுகிறோம். சிலுவையில் கிறிஸ்துவின் நாவில் இருந்த கேள்வியை ஒரு சாதாரண விசுவாசி கேட்டால் அது அவிசுவாசம் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

நம் சபைகள் லெந்து என்னும் தவக்கால நாட்களில் பாடும் ஞானப்பாட்டுகளில் ‘இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே’ என்பது யாவரும் அறிந்த ஒன்று. அதன் ஆங்கில மூலத்தை எழுதிய வில்லியம் கூப்பரின் வாழ்க்கையைப் பாடுகிறவர்களில் பலர் அறியார். 1731இல் பிறந்த அவர் சட்டம் படித்தவர். 1763இல் நாடாளுமன்றப் பிரபுக்கள் சபையில் ஒரு பதவிக்கான நேர்காணலை எண்ணி அஞ்சி மனம் குலைந்து, தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் மருத்துவர் காட்டன் நடத்திய மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கேதான் ரோமர் நிருபத்தை வாசித்து விசுவாசத்துக்கு வந்தார். நம் சாட்சிக் கூட்டங்களில் என்றால் கதை இவ்விடத்தில் கரவொலியோடு முடிந்திருக்கும். கூப்பரின் வாழ்க்கை முடியவில்லை. 1767இல் அவர் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குடிவந்தார். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்த ஜான் நியூட்டன் அவ்வூரின் குருவாக இருந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய பாடல்கள் 1779இல் ஒரே தொகுதியாக வெளிவந்தன. அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவை கூப்பருடையவை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1773இன் தொடக்கத்தில், நோய் திரும்பிவிட்டது. தேவன் தம்மை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் அவரைப் பற்றியது. அதன்பின் 1800இல் இறக்கும்வரை அவர் பொது ஆராதனைக்குச் செல்லவில்லை. அவருடைய பாடலை உலகம் பாடிக்கொண்டிருந்தது. அந்த ஊற்று தமக்கில்லை என்று நம்பியபடி அவர் வீட்டில் இருந்தார்.

நியூட்டன் என்ன செய்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோய் முற்றிய அந்த நாட்களில் கூப்பரைத் தம்முடைய குருமனையிலேயே ஓராண்டுக்கும் மேலாகத் தங்கவைத்தார். ஒரு சபையை நடத்தும் மனிதருக்கு, தம்மைச் சாபத்துக்குள்ளானவர் என்று நம்பிக்கொண்டிருக்கும், தம் உயிரைத் தாமே எடுத்துக்கொள்ள மறுபடியும் முயன்ற ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது எளிதாக இருந்திருக்காது. கூப்பர் ஆலயத்துக்கு வராததற்காக அவரை அவிசுவாசி என்று அவர் ஒதுக்கவும் இல்லை. நியூட்டன் பின்னர் இலண்டனுக்கு மாற்றலாகிப் போன பிறகும் கடிதத் தொடர்பு நீடித்தது. மேரி அன்வின் என்னும் விதவையோ, தாம் பக்கவாதத்தால் முடங்கும்வரை அருகிருந்து கூப்பரைப் பராமரித்தார். அந்தப் பராமரிப்பில் கூப்பர் தோட்டம் போட்டார், முயல்களை வளர்த்தார், நெடுங்கவிதைகள் எழுதினார், ஹோமரை மொழிபெயர்த்தார். நியூட்டனின் கண்டிப்பான உபதேசமே கூப்பரின் மூளையைக் குலைத்தது என்று எழுதியவர்களும் உண்டு. 1763இல் முதல் நோய் வந்தபோது இருவரும் சந்தித்ததே இல்லை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

கூப்பரின் மனஇருள் நீங்கவில்லை. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் சோர்வை மேற்கொள்ளுதல் என்றால் சோர்வு மறைந்துபோதல் என்று மட்டும் கற்பித்தால், மறையாதவர்கள் இரண்டாம் முறையும் தோற்றவர்களாகிவிடுகிறார்கள். அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் அச்சானபோது உலகம் திகைத்தது. 1950இல் தம் துறவுச் சபையைத் தொடங்கிய காலம் முதல் 1997இல் இறக்கும்வரை, சிறிதொரு இடைவெளி தவிர, தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே அவர் வாழ்ந்தார் என்பது அப்போது பரவலாகத் தெரியவந்தது. அதை வைத்து அவரை வேடதாரி என்றவர்கள் இருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ அக்கடிதங்களை அறிந்த நிலையிலேயே 2016இல் அவரைப் புனிதராக அறிவித்தது. உணர்வு வற்றிய பின்னும் அதிகாலையில் எழுந்து நோயாளியின் புண்ணைக் கழுவியதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரும் தம் இருளைத் தனியே சுமக்கவில்லை. பேராயரிடமும் ஆன்ம வழிகாட்டிகளாகிய சில குருக்களிடமும் எழுதிக்கொண்டே இருந்தார்.

கூப்பரின் கதையில் மருத்துவர் காட்டனுக்கும் இடம் இருப்பதை மறக்கக்கூடாது. சோர்வு எல்லாம் நோயன்று. ஆனால் நோயாகிய சோர்வும் உண்டு. வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, வாழ்வதில் பயனில்லை என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அவரை உபவாச ஜெபத்துக்கு மட்டும் அனுப்புவது ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தைக் காட்டும்படி மேடையிலிருந்து சொல்லப்படுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன். சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடும் பிரசங்கியார் மனநோய்க்கு மட்டும் அதைத் தடைசெய்வது எந்த வசனத்தின்படி என்று விளங்கவில்லை. பவுல் தம் உடன் ஊழியனாகிய லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்றே குறிப்பிட்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் நடத்தும் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தினர் ஒருவரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுங்கால வழக்கம். நான் மேலே சொல்லிவந்ததை மருத்துவம் தன் வழியில் கண்டுகொண்டதாகவே அதைக் கருதுகிறேன். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து, நாள் முழுவதும், தமிழிலும் கிடைக்கிறது. ஆலய அறிவிப்புப் பலகையில் கல்யாண ஓலைக்குப் பக்கத்தில் அந்த ஐந்து இலக்கங்களையும் எழுதிவைக்க ஒரு சாக்கட்டி போதும்.

தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவரின் அடக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். 1662ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகம் அப்படிப்பட்டவர்களுக்கு அடக்க ஆராதனையை மறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் மறுத்துவந்து, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அத்தடையை நீக்கியது. கடும் மனக்குலைவு ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய இரட்சிப்பைக் குறித்து நாம் நம்பிக்கையிழக்கக் கூடாது என்றும் அதன் மறைக்கல்வி நூல் சொல்கிறது. எங்கள் பகுதியில் இன்றும் இத்தகைய மரணங்களில் கல்லறைத் தோட்டத்தின் எந்த மூலை என்ற முணுமுணுப்பு எழுவதுண்டு. இறந்தவருக்கு அது கேட்காது; அதே வீட்டில் அதே எண்ணத்தோடு போராடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குக் கேட்கும்.

இப்படியெல்லாம் இடம் கொடுத்தால் அவிசுவாசம் வளராதா என்று கேட்பவர்கள் யாக்கோபின் நிருபத்தை எடுத்துக்காட்டுவார்கள். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்று அதன் முதலாம் அதிகாரம் சொல்வது உண்மைதான். அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம்வரை அவர்கள் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதிய கையோடு யாக்கோபு உதாரணத்துக்கு அழைப்பது எலியாவை. அவரும் நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன் என்று சொல்லித்தான் அழைக்கிறார். பிசாசு பிடித்த மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். முதற்பாதி போதவில்லை என்று அவன் திருப்பி அனுப்பப்படவில்லை, பையன் சுகமானான்.

போதகர்களைக் கடிந்துகொள்வதாக இக்கடிதம் வாசிக்கப்படக் கூடாது, ஏனெனில் எங்கள் ‘ஐயர்’மாரே இவ்விஷயத்தில் மிகவும் தனித்து விடப்பட்டவர்கள். 1856இல் இலண்டன் சர்ரே மண்டபத்தில் யாரோ தீ என்று கூவியதால் எழுந்த நெரிசலில் ஏழு பேர் இறந்தபோது, ஆராதனையை நடத்திக்கொண்டிருந்த பிரசங்கியார் சார்ல்ஸ் ஸ்பர்ஜனுக்கு வயது 22. அந்த அதிர்ச்சியும் பின்னர் வந்த நோய்களும் அவரை வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வில் ஆழ்த்திக்கொண்டே இருந்தன. அவர் அதை ஒளிக்காமல், ஊழியர்கள் சோர்ந்து விழுவது இயல்பு என்று தம் கல்லூரி மாணவர்களுக்குத் தனிச் சொற்பொழிவாகவே பேசினார். அவருடைய பிரசங்கங்களைத் தமிழில் விரும்பி வாசிக்கும் நம் சபைகளில், ஒரு போதகர் தம் ஜெபம் வறண்டிருப்பதை யாரிடம் சொல்ல முடியும்? அத்தியட்சரிடம் (பேராயரிடம்) சொன்னால் மாற்றல் வருமோ என்ற பயம். சேகரக் கமிட்டியிடம் சொன்னால் ஊர் முழுதும் தெரியும்.

ஆகவே திருமண்டலங்களின், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைத் தொகுதிகளின், பொறுப்பாளர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் கோரிக்கைகள் செலவில்லாதவை. போதகர்கள் தம் மேலதிகாரிகள் அல்லாத ஒருவரிடம், பதிவேடுகளில் ஏறாத வகையில், மனம் திறந்து பேச ஒரு ஏற்பாட்டை ஒவ்வொரு திருமண்டலமும் செய்து தர வேண்டும். மூன்று ஞாயிறு தொடர்ந்து ஆலயத்தில் காணாத ஒருவருடைய வீட்டுக்குச் சபையார் இருவர் போக வேண்டும். போகிறவர்கள் வேதப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அங்கே ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, அவர் பேசுவதைக் கேட்க வேண்டும், வராததற்குக் காரணம் கேட்கக் கூடாது. வரும் லெந்து காலத்தில் ஒரு மாலையையாவது பிரசங்கமில்லாமல், 88ஆம் சங்கீதத்தையும் புலம்பலின் மூன்றாம் அதிகாரத்தையும் முழுமையாக வாசிக்க ஒதுக்கி, வாசித்து முடிந்த பிறகு எந்த விளக்கமும் சொல்லாமல் சபையை அமைதியில் விட வேண்டும். தங்கள் ஆன்மிகப் பக்கத்திலும், வெற்றி பெற்றவர்களின் அனுபவங்களுக்கு நடுவே, இன்னும் விடை காணாதவர்கள் எழுதும் கடிதங்களுக்கு மாதம் ஒருமுறை இடம் கொடுத்தால் நன்றியுள்ளவனாயிருப்பேன். அவர்கள் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை